களவுக்கு வைத்த கன்றுகள்

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், கன்று கேட்டு யாரும் படலை திறப்பதில்லை. கேட்டு வாங்கிய கன்று உருப்படாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சிரித்துக்கொண்டு கொடுத்த கத்தரி பூவோடு நின்றுவிடும். களவெடுத்த கன்றுதான் காய்க்கும். மற்ற ஊர்களில் இந்த நம்பிக்கை வெற்றிலைக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும்தானாம். எங்கள் வீட்டு வளவுகள் வாவிக்கரை மணல். எதுவும் இலேசில் பிடிப்பதில்லை. அதனால் நாங்கள் தக்காளி, வெண்டி, பயிற்றை என்று எல்லாவற்றுக்கும் அதை நீட்டிவிட்டோம்.

மாரி மழை ஓய்ந்து, வளவில் நின்ற வெள்ளம் வாவிக்கு இறங்கி, பொங்கலும் முடிந்தால் வேலை தொடங்கும். அதற்கு முன்பே நான் யோகட் கோப்பைகளின் அடியில் ஓட்டை போட்டு, தாழ்வாரத்தில் அடுக்கி, விதை தூவியிருப்பேன். எனக்குக் கொஞ்சமாகத் தூவத் தெரியாது. ஒரு பாத்திக்கு வேண்டிய இடத்தில் ஒரு ஊருக்கு வேண்டியது முளைத்து நிற்கும். என் வீட்டுக்காரர் பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போய் மோட்டார் சைக்கிளில் மாட்டெரு மூடை கட்டிக்கொண்டு வருபவர் அவர்தான். ஒவ்வொரு வருஷமும் கோப்பைகளைப் பார்த்து, இதெல்லாம் யார் தின்பதற்கு என்று கேட்பார். கள்ளர் தின்பதற்கு என்பேன்.

களவு நடக்க ஒரு முறை உண்டு. பின்னேரம் மிச்சக் கன்றுகளைக் கேற்றடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நான் குசினிக்குள் போய்ச் சட்டி பானையைப் போட்டுத் தட்ட வேண்டும். வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள், வெளியே பார்க்கமாட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம். கள்ளிகள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். சில கள்ளிகள் கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒருமுறை ஒரு கள்ளி கோப்பைக்குள் இரண்டு முட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அதோடு முடியாது. மறுநாள் காலையில் நான் கேற்றடியில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்ட வேண்டும். திட்டு விழாத களவு எடுபடாது. பிள்ளை குட்டியைத் தொடக்கூடாது, புருஷன் ஆயுளைத் தொடக்கூடாது, மற்றபடி களவெடுத்தவளின் கை, பல், கொண்டை, அவள் வைக்கும் கறி எல்லாவற்றையும் ஆசைதீரத் திட்டலாம். எனக்கு இந்த வேலை நன்றாக வரும். ஆனந்தமாகவும் இருக்கும். வேறு எந்த ஊரில் ஒரு பெண்ணைக் காலங்காத்தாலே தெருவில் நின்று கத்தவிட்டு, அதற்கு நன்றியும் பாராட்டுவார்கள்?

என் வாய்க்கு இப்போது வெளியூரிலும் பேர். ஒழுங்கை முனையில் தைக்கிற பெண் ஒருநாள் சட்டை அளவு எடுக்கிற சாட்டில், போன வருஷம் நான் இரண்டு சொல்லோடு உள்ளே போய்விட்டதால் அவளுடைய தக்காளிப் பூவெல்லாம் கொட்டிவிட்டது என்று குறைப்பட்டாள். கன்று எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வருஷம் அவளுக்காகப் பல்லிலிருந்து தொடங்கினேன். கிரானிலிருந்து கலியாண வீட்டுக்கு வந்து, கத்தரிக் கன்றுகளைச் சேலைத் தலைப்பில் மறைத்து பஸ் ஏறிய ஒருத்தி, மறுநாள் போன் எடுத்து, தூரத்தில் இருப்பதால் திட்டுக் கேட்கவில்லை, வட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அனுப்பினேன். அதைக் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினாளாம். பிறகு கூடை நிறையக் கத்தரிக்காய் படம் வந்தது.

ஒழுங்கை முழுக்க என்னிடம் களவெடுக்கிறது. எடுக்காத ஒரே ஆள் என் கூடப் பிறந்த அக்கா.

எங்கள் வழக்கப்படி வளவு பெண்பிள்ளைகளுக்குத்தான். இருந்த வளவை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பக்கம் அக்காவுக்கும் மேற்குப் பக்கம் எனக்கும் சீதனமாக எழுதினார்கள். நடுவில் கிளுவை வேலி. அந்த வேலி இடுக்கால் எங்கள் இரண்டு குசினிகளும் ஒன்றாகத்தான் இருந்தன. அவளுடைய தேங்காய்ப்பால் சொதி இங்கே வரும், என்னுடைய சுண்டல் அங்கே போகும், சண்டையும் அதே வழியால் போய் வரும். கத்தாரிலிருக்கிற அவளுடைய மூத்த மகன் காசு அனுப்பினான். வேலியைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்கு மதில் கட்டத் தொடங்கினாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அவளிடம் கேட்காமல், கல் அடுக்கிக்கொண்டிருந்த மேசனிடம் அவளுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"என்ட முகத்தப் பாக்க ஒண்ணாமத்தான் அவ மதில் கட்டுறா."

அக்கா திரும்பிப் பார்த்து, "ஓம்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு மாரி போய்விட்டது. நான் அவளோடு பேசவில்லை, அவள் என்னோடு பேசவில்லை. அவசரத் தேவையென்றால் நான் என் கோழிகளோடு பேசுவேன், அவள் தன் நாயோடு பேசுவாள். மீன்காரன் நல்ல இறால் கொண்டுவந்திருக்கிறான் என்று கோழிக்குச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டுக் கேற் திறக்கிற சத்தம் கேட்கும். தண்ணீர்க் குழாய் நாளைக்கு வராது என்று அவள் நாய்க்குச் சொன்னால் நான் வாளிகளை நிரப்பிவைப்பேன். எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வாவிக்கரையில் சேர்ந்து இருந்து தூண்டில் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

எனக்கு அக்கா வேண்டும். இதை அப்போது யாராவது கேட்டிருந்தால் அவர்களுடைய பல்லையும் திட்டியிருப்பேன். அது வேறு விஷயம். போய்க் கதைக்க மனம் வரவில்லை. அந்த "ஓம்" வழியை மறித்து நின்றது. ஆனால் அவள் என் கன்றைக் களவெடுத்தால் நான் அவளைத் திட்டலாம். திட்டுவதும் ஒருவிதக் கதைதானே. அதனால் இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும், கதிரையில் ஏறி, என் நல்ல கத்தரிக் கன்றுகளாகப் பொறுக்கி எங்கள் மதிலின் மேல் வைத்தேன். பிறகு குசினிக்குள் போய், வழமையை விட இரண்டு மடங்கு சத்தமாகச் சட்டி தட்டினேன்.

மறுநாள் கன்றுகள் அப்படியே இருந்தன. அதற்கடுத்த நாளும். வாடியிருக்கும் என்று நினைத்து ஏறிப் பார்த்தால், கோப்பைகளில் மண் ஈரமாக இருந்தது. பனி என்றார் வீட்டுக்காரர். பனி கோப்பைக்குள் மட்டும் பார்த்துப் பெய்யுமா? அவள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். எடுக்கவும் மாட்டாளாம், சாகவிடவும் மாட்டாளாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று கறிக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது.

அவள் களவெடுக்க மாட்டாள் என்றால் நான் எடுப்பேன் என்று முடிவு செய்தேன். அக்காவுக்குக் கொச்சிக்காய் நன்றாக வரும். மிளகாயைத்தான் இங்கே கொச்சிக்காய் என்போம். எனக்கு எப்போதும் இலை சுருண்டு போகும், அவளுக்கு மரம் மாதிரி நிற்கும். கோழிக்குப் பயந்து, கன்றுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் வளர்த்து மதிலோரம் ஒரு பழைய மேசையில் அடுக்கியிருந்தாள். நான் எடுத்தால் அவள் திட்டியாக வேண்டும். திட்டுவதற்கு வாயைத் திறந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்தேன். அவள் வீட்டுக் கேற் திறந்துதான் கிடந்தது. வீட்டுக்காரர் அதைக் காட்டினார். கேற்றால் போனால் அது விருந்து, களவு மதிலால்தான் போக வேண்டும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். கதிரையில் ஏறி வயிற்றை மதிலில் கிடத்தி அந்தப் பக்கம் கையை நீட்டினேன். என் இரண்டு காலையும் அவர் பிடித்துக்கொண்டார். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டினபோது கூட இப்படிப் பயந்ததில்லை என்று கீழேயிருந்து முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்துத் தையல்காரப் பெண் ஒழுங்கையால் போனாள். நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா செய்யிறீங்க?"

"களவெடுக்கிறன் மனே."

"ஆ, ஓம் ஓம்" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நல்ல வளர்ப்பு.

மூன்று சிரட்டை எடுத்தேன். அன்றைக்கே வாசலுக்கு நேரே, அவள் பக்கம் தெரியும்படி நட்டேன். மறுநாள் விடிய எழும்பி, பல்லும் தீட்டாமல் மதிலடியில் போய்க் காது கொடுத்து நின்றேன். அக்கா முற்றம் கூட்டினாள். மேசையடியில் விளக்குமாறு நின்றது. பிறகு விளக்குமாறு திரும்பவும் ஓடத் தொடங்கியது. திட்டு வரவில்லை.

அதற்குப் பிறகும் வரவில்லை. என்னை இதைவிட அவமதிக்க அவளால் முடியாது. ஒழுங்கையில் வழியில் போகிற எவளுக்கும் கிடைக்கிற மரியாதை கூடப் பிறந்தவளுக்கு இல்லை. கொச்சிக்காய்க் கன்றுகளும் அதைக் கண்டுகொண்டன போல, நுனி இலை சுருளத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரர் வெள்ளை ஈ என்றார், வேப்பெண்ணெய் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். இது ஈயின் வேலையில்லை, அக்காவின் வேலை என்றேன். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பினவுடன் போய்க் குந்தியிருந்து, சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாக நுள்ளிப் போட்டேன். சில நாள் வெயில் ஏறியதும் தெரியாமல் இருந்துவிடுவேன். அழுதேன் என்று சொல்ல மாட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு காலையில் நுள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் மதிலுக்கு அப்பால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"எந்தக் கட்டையில போவாளோ என்ட கொச்சிக்காய்க் கன்றக் கொண்டு போயிட்டாள்."

என் கை நின்றது. களவுத் திட்டு விழும்போது களவெடுத்தவள் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் பதில் சொன்னாலும் திட்டின பலன் போய்விடும், கன்று காய்க்காது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். உள்ளே ஒரே கொண்டாட்டம்.

"கொண்டு போனவளுக்குக் கை மட்டுந்தான் இருக்கு, மூளை இல்ல. கொண்டுபோய் வெயிலுக்க நட்டு வச்சிருக்காள். அவள்ட கொண்டையில காகம் கூடு கட்ட. அவள் வைக்கிற சொதி திரைய."

நல்ல திட்டு. சொதி திரைய என்பது எனக்கே தோன்றியிராது. அக்கா மூச்சு எடுத்துக்கொண்டு திரும்பத் தொடங்கினாள், ஆனால் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"சீனி வருத்தக்காரி. காலையில ஒண்டும் தின்னாம வந்து வெயிலுக்க குந்திறாள். விழுந்து கிடந்தா ஆர் தூக்கிற? மாரிக்குள்ள இருமி இருமிக் கிடந்தாள், எனக்கு நித்திரை இல்ல. அவள்ட மனுசனுக்கு ஒண்டும் கேக்கிறல்ல. ஒவ்வொரு நாளும் நான்தான் மதிலால எட்டி எட்டிப் பாக்க வேணும், இவள் உசிரோட இருக்கிறாளா எண்டு."

களவுத் திட்டில் சர்க்கரை நோய், இருமல் எல்லாம் வராது. வரக்கூடாது. நான் மூன்று கன்றையும் பார்த்தேன். சுருளாத இலைகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு மொட்டுக் கூட வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"திண்டுட்டன் அக்கா" என்றேன்.

அக்கா இந்தத் தரம் நாயிடம் கேட்கவில்லை, என்னிடமே கேட்டாள்.

"என்னத்தத் திண்ட?"

அவளிடம் எனக்குப் பொய் சொல்ல வராது.

"ஒண்டுமில்ல."

மேசை நகர்கிற சத்தம் கேட்டது. மதிலுக்கு மேலே அக்காவின் தலை வந்தது. எனக்குச் சட்டென்று ஆள் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க வெள்ளை. தெருவில் தூரத்தில் கண்டபோதெல்லாம் தலையில் முந்தானை போட்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. அவளுக்கு முன்பக்கம் தானே டை பூசத் தெரியும், பின்மண்டைக்குக் கை எட்டாது. மாதா மாதம் நான்தான் பூசிவிடுவேன். வேறு யாரையும் தலையில் கை வைக்க விடமாட்டாள், அவ்வளவு பெருமைக்காரி. அரைத் தலை கறுப்பும் அரைத் தலை வெள்ளையுமாகத் திரிவதை விட முழுக்க விட்டுவிடலாம் என்று விட்டிருக்கிறாள். நான் எழும்பி நின்று அவளையே பார்த்தேன். இப்போது எனக்கு ஒழுகியது மூக்கு மட்டுமில்லை.

"என்ன பாக்கிறாய்? பிட்டு அவிச்சிருக்கன், வா" என்றாள். "டைப் பக்கெற் ஒண்டும் உடைக்காமக் கிடக்கு. முதல்ல திண்டுட்டுப் பூசி விடு."