குளிசை வியர்வை

கணவர் இறந்தபின் எனக்கு நித்திரை போனது, பசி போனது, சும்மா இருந்து அழுகிற பழக்கம் வந்தது. டொக்டர் ஒரு குளிசை எழுதித் தந்தார். அழுகை நின்றது, பதிலுக்கு வியர்க்கத் தொடங்கியது. மார்கழியிலும் சட்டை நனைந்தது. அந்த வியர்வை என்னுடையது போலவே இல்லை. துருப்பிடித்த வாளியில் புளி கரைத்ததுபோல ஒரு மணம்.

"சிலருக்கு உப்பிடித்தான் அம்மா. பயந்து நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றார் டொக்டர்.

பயப்படவில்லை, வெட்கப்பட்டேன். மனசுக்குக் குளிசை போடுகிறேன் என்று கோப்பாயில் ஒருவருக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் புத்தூர்வரை கதை போய்விடும். தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்குக்கு, யன்னலோரமாக மாறியிருந்தேன். எங்கள் பக்கத்தில் கொஞ்சுவது உதட்டால் அல்ல, மூக்கால். கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுப்போம். அதனால் கொஞ்ச வந்தவர்களிடமெல்லாம் தடிமன், மூக்கால் ஓடுது என்று பொய் சொன்னேன். போகப் போக ஒருவரும் கிட்ட வரவில்லை. நான் விரும்பியதுதான் நடந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் என் கன்னத்தை நானே தடவிப் பார்ப்பேன்.

கனடாவில் தனியே இருக்கும் மகள் வருகிறேன் என்றபோது சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட. ஒரே பிள்ளை. தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் திரும்பியவள். கைபேசியில் எப்போதும் சிரித்த முகம். என் நிலைமை தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து குந்திவிடுவாள். குளிசைப் பெட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அவள் வருகிற நாள் சந்தனச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் முழுகினேன்.

கேற்றடியில் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"கிட்ட வராதை பிள்ளை, எனக்குத் தடிமன்."

"தடிமனும் மண்ணாங்கட்டியும்!"

கட்டிப்பிடித்தாள். ஆனால் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளை என்னைக் கொஞ்சவில்லையே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒளித்ததெல்லாம் மறந்து, அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி நானே கொஞ்சினேன்.

அவள் பூசியிருந்த சென்ற்றுக்கு அடியில் அதே துரு, அதே புளி.

"நீ குளிசை போடுறியோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அப்பா போனதில இருந்து. உங்களுக்குத் தெரிஞ்சால் தாங்கமாட்டியள் எண்டு பயந்தன் அம்மா."

ஒரே துக்கத்துக்கு இரண்டு பேரும் இரண்டு நாட்டில் ஒளித்திருந்து வியர்த்திருக்கிறோம். நான் அழுதேன். அதன்பிறகுதான் அவள் மூக்கு என் கன்னத்துக்கு வந்தது. ஒருமுறை மூச்சை இழுத்தாள், நிறுத்தினாள், இன்னொருமுறை இழுத்தாள்.

"அம்மா, நீங்களுமோ?"

"ஓம்" என்றேன்.