வெள்ளிக்கிழமைச் சோறு

எங்கள் ஆட்களில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். காரைக்காலில் பாதித் தெரு இப்படித்தான். வந்த சில மாதங்களில் விசா கிடைத்து, துபாய்க்கோ சவூதிக்கோ கிளம்பிவிடுவார். அந்தப் பயணம் சபர்; போய்ச் சம்பாதிப்பவர் சபராளி. அவர் லீவில் வந்தால், பெட்டியைத் திறப்பதற்குள் தெருவே விசாரிக்கும், "எப்ப சபர்?" என்று.

நான் மச்சான் என்று கூப்பிடும் என் கணவர் துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தார். என் பி.காம். பட்டம் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே வேறொரு கம்பெனி, இந்தியாவில் வீட்டிலிருந்தே பில் போட ஆள் தேடுகிறது என்று சொல்லி, அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். மாடி அறையில் கம்ப்யூட்டரும் ஹெட்போனுமாக நான் உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் அவருடைய கம்பெனிக்கும் அதே புத்தி வந்தது. பில் வேலை இந்தியாவுக்கு வந்தது. கூடவே அவரும் வந்து சேர்ந்தார். அவருடைய வேலையை இங்கே எந்த ஊரிலோ என்னைப் போல ஒருத்தி பாதிச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

உம்மாவுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

"மாப்புள்ள வூட்டோட இருக்காங்க. ஜும்ஆ தொழுதுட்டு வர்றவங்களுக்குச் சோறு வைக்க ஆளில்ல. இது வூடா, ஆபீசா? இந்த மாசத்தோட நிறுத்திடு."

"நீங்களே வைக்கலாமே உம்மா."

"நான் எப்படிடி அவங்க முன்னாடி வருவேன்?"

அது வாஸ்தவம்தான். எங்களில் மாமியார் மருமகன் முன்னால் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். துபாயில் வெள்ளிக்கிழமை அரைநாள். அவர்கள் கடையைக் கட்டும் அவசரமெல்லாம் சரியாக அந்தச் சோற்று வேளையில் என் தலையில் விழும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுச் செலவு என் சம்பளத்தில் ஓடியது. அதைவிட, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடம் சொல்வது?

உம்மா சொன்னது மச்சான் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் நேராக அடுப்படிக்குள் போனார். துபாய் ரூமில் முறை வைத்துச் சமைத்தவர்கள்தான் இந்த ஆண்கள் எல்லோரும். ஆனால் ஊரில் ஒருவரும் கரண்டியைத் தொட்டதில்லை. அவர் உள்ளே நுழைய, உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அங்கிருந்து மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"உப்பு எங்க இருக்குன்னுகூட தெரியாதேடி அவங்களுக்கு!"

உப்பு கிடைத்துவிட்டது. நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கிவைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். வந்து தானே போட்டுச் சாப்பிட்டார். அவர் எழுந்து போன பிறகு உம்மா உட்கார்ந்தார். "தாளிச்சாவுல புளி பத்தல" என்று சொல்லிக்கொண்டே மறுசோறு போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை அடுப்படி அவருடையதானது. மாதமும் முடிந்தது. வேலையை விடும் பேச்சை உம்மா எடுக்கவில்லை. எப்போது எடுப்பாரோ என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மாமி கூடத்துக்குள் வரும்போதே சத்தமாகக் கேட்டார்.

"என்னங்க, உங்க வூட்டுச் சபராளி எப்ப கெளம்புறாங்க?"

நான் ஹெட்போனைக் கழற்றினேன். உம்மாவின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

"மெதுவா பேசுங்க. எங்க வூட்டுச் சபராளி மாடியில வேலையா இருக்கு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அது மறுபடி கேட்கும்வரை நான் ஹெட்போனை மாட்டவில்லை.