மூன்றாவது தீர்வு இல்லை

எங்கள் கட்டுரையில் என் நெறியாளர் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார். அவர் அதை இதழுக்கு அனுப்பி மூன்று நாள் கழித்து, குஷாய்குடாவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் கைபேசியில் பார்த்தேன். என்னைக் கேட்கவே இல்லை.

நேரியலற்ற நீள்வட்டச் சமன்பாடு ஒன்றுக்கு எத்தனை தீர்வுகள் என்பது என் ஆய்வு. ஒரு நிலப்பரப்பை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு பள்ளங்கள், அவை இரண்டு தீர்வுகள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில் மிகத் தாழ்ந்த கணவாய் மூன்றாவது. ஆனால் அந்தக் கணவாய் பூஜ்யமாகவே இருந்துவிடலாம். பூஜ்யம் எப்போதும் ஒரு விடைதான், அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அது பூஜ்யமல்ல என்று காட்ட எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. சமன்பாட்டின் குணகம் இரண்டாம் ஐகன் மதிப்பு என்ற எல்லையைத் தாண்டினால்தான் அது நடக்கும். அவர் 'இரண்டாம்' என்பதை 'முதல்' ஆக்கியிருந்தார். அது இன்னும் சின்ன எல்லை.

நேராக அவர் அறைக்குப் போனேன். மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர், பேச்சில் ஊர் உருது கலந்து வரும்.

"கண்டிஷனைக் குறைச்சா தியரம் பெரிசாகும்மா. ப்ரூஃப் அப்படியே ஓடுதே."

"ஓடலை சார். பாதை பூஜ்யம் வழியாத்தான் போகுது."

"ஜர்னல் ரெஃப்ரீ அவ்வளவு தூரம் படிப்பாரா? காய்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன்?"

பலகையில் மிக எளிய உதாரணத்தை எழுதினேன். ஒரு கோட்டுத்துண்டு, ஒரு முப்படி உறுப்பு, முதல் ஐகன் மதிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு குணகம். நேர்மறையாக ஒன்று, எதிர்மறையாக ஒன்று, அவ்வளவுதான் தீர்வுகள்.

"இது ஒன் டைமென்ஷன்."

"எல்லா டைமென்ஷனுக்கும்னுதானே எழுதியிருக்கோம் சார்?"

எழுந்து வந்து பலகையை வரி வரியாகப் படித்தார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்: "உன் தீசிஸ் இந்த மாசம் போகணுமா, வேண்டாமா?"

தப்புச் செய்தது பெரிதில்லை, நானும் செய்வேன். கேட்காமல் மாற்றியது அதைவிட மோசம். தப்பென்று தெரிந்த பிறகும் என் ஆய்வேட்டைக் காட்டி மிரட்டியது இரண்டையும்விட மோசம்.

"டைப்பிங் மிஸ்டேக்னு வேணா எழுதிடு," என்றார் கடைசியில்.

நான் அப்படி எழுதவில்லை. தேற்றம் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழாசிரியருக்கு என் பெயரில் எழுதினேன். நெறியாளருக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.

ஆய்வேட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை அவர். கேட்டால், "பார்க்கலாம்மா" என்கிறார். தினமும் காலையில் முதல் வேலையாகப் போய்க் கேட்கிறேன்.