ஐஸில் கரைந்த குங்குமம்

எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது உண்மைதான். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்கு நியூ லின்னில் ஒரு கடை, லின்ஃபீல்டில் இன்னொன்று. நியூசிலாந்தின் இந்த ஒக்லாந்தில் தமிழ் வீட்டுக் கலியாணம் என்றால் நான் பொரிக்கிற ரோல்ஸும் பற்றிஸும் வராமல் பந்தி தொடங்காது. கணக்குப் பார்க்கப் படித்த பிள்ளை ஒருத்தியை வைத்திருக்கிறேன்; அவள் விடுகிற பிழையைப் பிடிக்கிறவள் நான். எல்லாம் என் கையால் வந்தது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு மனிதரை நான் எப்போதும் விட்டுவிடுகிறேன். அவர் ஒரு லாத்வியாக்காரர். ஐஸ் ஹொக்கி விளையாடுவதுதான் அவருடைய பிழைப்பு.

அப்போது எனக்குப் பத்து வயது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று இருந்தோம். யாழ்ப்பாணத்தில் உழவு இயந்திரம் ஓட்டிய மாமாவுக்கு இங்கே ஐஸ் அரங்கில் வேலை. ஆட்டத்துக்கு இடையில் ஐஸைச் சீவி, மேலே தண்ணீர் விட்டு மட்டமாக்குகிற வண்டியை ஓட்டுவார். மாமியும் கைக்குழந்தையும் கொழும்பில். மாமாவின் வேலை நிலைத்தால்தான் அவர்களுக்கு விசா. எங்கள் வீட்டில் இந்தக் கதை ஒவ்வொரு நாளும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

அந்தக் குளிர்காலம் அரங்கின் அணிக்கு விளையாட வந்தவர்தான் லாத்வியாக்காரர். இடம் தேடித் திரிந்தவரை மாமா எங்கள் பின்னறைக்குக் கூட்டி வந்துவிட்டார். முன்னணியில் நின்று கோல் அடிக்க வேண்டிய ஆள். நல்ல உயரம், முன்பற்கள் இரண்டும் இல்லை. சிறுவயதில் தகப்பன் முற்றத்தில் தண்ணீர் ஊற்றி, அது உறைந்த பிறகு அதில் சறுக்கப் பழக்கினாராம். பிறகு போலந்து, பின்லாந்து, டென்மார்க் என்று போகாத இடமில்லை. எங்கள் ஆட்கள் வேலை தேடி அலைந்ததுபோல அவர் குளிரைத் தேடி அலைந்திருக்கிறார். வயதும் போய், முழங்காலும் தேய்ந்து, எந்த ஊரும் அவரை ஒரு பருவத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை. ஜெர்மனியில் ஒரே ஒரு கழகம் மட்டும், இங்கத்தைய கடைசி ஆட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறோம் என்றிருந்தது. அதற்காக அப்பா வேலைத்தளத்தில் ஒரு கமரா இரவல் வாங்கி வந்தார்.

ஆனால் மனிதருக்கு அந்தப் பருவம் கோலே வரவில்லை.

“இந்த லாத்வியாத் தம்பிக்கு ஆரோ கண்வைச்சு நாவூறு பட்டிட்டுது. இல்லாட்டி இந்த உயரத்துக்குக் கோல் விழாமல் இருக்குமே?” என்றார் அம்மா.

“உயரத்துக்கும் கோலுக்கும் என்னக்கா? ஐஸ் சரியில்லை. புது வண்டி வருகுது, பிறகு பாருங்கோவன்,” என்றார் மாமா.

கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் புது வண்டி வந்தது. அன்று காலை அம்மா லாத்வியாக்காரரின் நெற்றியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். அவர் குனிந்து காட்டினார். மாமா ஒரு பையில் தேங்காய், தேசிக்காய், கற்பூரம், கடதாசியில் சுற்றிய குங்குமச் சரை எல்லாம் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் இல்லாத நாள், நானும் போனேன்.

“மாமா, மனேச்சரைக் கேட்டிட்டோ செய்யிறியள்?”

“பிள்ளையாருக்குச் செய்யிறதுக்கு மனேச்சரை என்னெண்டு கேக்கிறது? நீ சில்லுக்குக் கீழை தேசிக்காயை வை.”

தேங்காய் உடைந்தது. தேசிக்காய்கள் நசிந்தன. வண்டி ஐஸில் ஏறியது. எல்லாம் சரி, தண்ணீர்த் தாங்கியின் வாயருகே வைத்த குங்குமச் சரையை எடுக்கத்தான் மாமா மறந்துபோனார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, சரை உள்ளே விழுந்துவிட்டது. அரைவட்டம் ஓடிய பிறகு திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுக்க ஐஸ் சிவப்பாக உறைந்து கிடந்தது, ஆடு அறுத்த இடம் மாதிரி.

மனேச்சர் ஓடி வந்தார். யார் செய்த வேலை இது, அவன் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் இங்கிலீசு எனக்குத்தான் தண்ணி பட்ட பாடு என்பது அரங்கு முழுக்கத் தெரியும்.

“மாமாதான் செய்தது எண்டு சொல்லு பிள்ளை,” என்றார் மாமா. “பொய் சொல்லக் கூடாது.”

வாயைத் திறந்தேன். கொழும்பில் இருந்த மாமி நினைவில் வந்து நின்றார்.

அப்போதுதான் லாத்வியாக்காரர் ஒரு காலில் சறுக்குச் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாக நொண்டிக்கொண்டு வந்தார். தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். “நான்தான். பெரிய ஆட்டத்துக்கு முதல் செய்வது, எங்கள் நாட்டு வழக்கம். இவரிடம் செய்து தரச் சொன்னதும் நான்தான்.”

மனேச்சர் பொட்டைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், நம்பிவிட்டார். லாத்வியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நாளைய ஆட்டத்தில் நீ இல்லை, ஆடாதவர்கள் இருக்கிற வாங்கில் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க மூன்று பேருமாக ஐஸைச் சுரண்டினோம்.

“உங்கள் நாட்டிலும் பிள்ளையார் இருக்கிறாரா?” என்று அவரைக் கேட்டேன்.

“ஓம்,” என்றார். ‘ஆம்’ என்பதற்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது. “எங்களுடையவர் இன்னும் குண்டு.”

நான் அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன்.

மறுநாள் ஆட்டத்துக்குப் போனபோது, “இனி என்னத்தையடி எடுக்கிறது?” என்று அப்பா கமராவைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார். நான் விடுவேனா? வாங்கில் இருந்தவரை முழு ஆட்டமும் படம் பிடித்தேன். மற்றவர்கள் கோல் அடித்தபோது அவர் எழும்பிக் கைதட்டியதும் வடிவாக விழுந்திருந்தது. அன்று பின்னேரமே நாடாவைக் கொண்டுபோய், இதை ஜெர்மனிக்கு அனுப்புங்கள் என்று கொடுத்தேன். கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பல்லில்லாத வாயால் சிரித்தார். இவ்வளவு கவனமாக என்னை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை என்றார்.

ஜெர்மனி அவரைக் கூப்பிடவில்லை. லாத்வியாவில், ரீகா நகரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குகிறேன் என்று பிறகு ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையில் எழுதியிருந்தார். அடுத்த வருசம் மாமி குழந்தையோடு வந்து இறங்கினார். எனக்கு ரோல்ஸ் சுருட்டப் பழக்கியது அந்த மாமிதான். என் கடைகள் அவர் அடுப்பில் தொடங்கியவை. கடை திறக்கிற ஒவ்வொரு காலையும் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, ரீகா இருக்கிற திசை தெரியாததால் பொதுவாக ஒரு கும்பிடு போடுகிறேன்.

அந்தப் பருவம் முடிந்து அவர் போன நாளில் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போனோம். அவருடைய விளையாட்டுப் பை ஒரு பிணத்தின் பாரம் இருக்கும். மாமாவுக்கோ முதுகு வலி. வீட்டில் ஒரு அரிசி மூட்டை தூக்கமாட்டார். அந்தப் பையைக் கார் நிறுத்திய இடத்தில் தோளில் ஏற்றியவர் யாரையும் தொட விடவில்லை.

“மாமா, அங்கை தள்ளுவண்டில் நிக்குது,” என்றேன்.

“உன்ரை வேலையைப் பார்.”

லாத்வியாக்காரர் பையைப் பிடிக்கக் கை நீட்டினார். மாமா தலையை ஆட்டிவிட்டு, வேர்க்க வேர்க்க, கண்ணும் சிவந்து, அந்தப் பளபளத்த தரையில் நடந்தார். கோலும் அடிக்காமல், கடைசி ஆட்டத்தில் வாங்கிலேயே குந்தியிருந்த ஒருவருக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று அந்தப் பத்து வயதில் எனக்கு ஒரே வெட்கம். சனம் பார்க்கிறது என்று, அவர்களோடு வந்தவள் இல்லை என்பதுபோல், நான் கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.