இ.சி.ஜி. படம் மலையிறங்கிய நாள்

எங்கள் மலையிலுள்ள சுகாதார நிலையத்துக்கு இணைய ரௌட்டர் பொருத்தும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கம்பெனியில் மலையில் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

நிலையத்தில் எடுக்கும் இ.சி.ஜி. படம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்கு உடனே போய்ச் சேர வேண்டும். நோயாளியின் விவரம் வெளியார் கண்ணில் படக்கூடாது. அதனால் இங்கொன்றும் ஆஸ்பத்திரியில் ஒன்றுமாக இருக்கும் இரண்டு ரௌட்டர்களுக்கும் இடையில், இணையத்துக்குள்ளேயே ஒரு தனி வழி அமைப்போம். அதைத்தான் டன்னல் என்கிறோம்.

பதினொரு மணிக்குள் அமைத்துவிட்டேன். சோதித்தால் அந்த முனையிலிருந்து பதில் வந்தது. யாருக்காவது இ.சி.ஜி. எடுத்து அனுப்பிப் பார்க்கலாம் என்றதும் நர்ஸ் அக்கா என்னையே படுக்க வைத்தார்.

"இன்னாம்மா, உனுக்கு நெஞ்சு இப்டி அடிச்சிக்குது?" என்று சிரித்தார்.

படம் போகவில்லை. பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று முறை அனுப்பியும் அதே கதை. கீழே ஆஸ்பத்திரியில் ரௌட்டரைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

"மலைல லைன் அப்டித்தாம்மா இருக்கும். உங்க சீனியர் யாராவது இருந்தா பேசச் சொல்லு."

"நான்தான் சார் வந்திருக்கேன். வேற யாரும் இல்ல."

முகம் சூடாகிவிட்டது. ஆனால் லைன்மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. சின்னச் சின்ன தகவல் எல்லாம் ஒழுங்காகப் போகிறது, பெரியது மட்டும் ஏன் நிற்கிறது? சோதனைத் தகவலைப் பெரிதாக்கி அனுப்பினேன். ஆயிரத்து ஐந்நூறு பைட்டில் பதில் இல்லை. குறைத்துக்கொண்டே வந்தேன். ஆயிரத்து நானூற்றில் பதில் வந்தது.

புரிந்துவிட்டது. டன்னல் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் மேலே இன்னொரு உறை போடுகிறது. ஏற்கெனவே முழு அளவில் இருக்கும் பொட்டலம் உறையோடு சேர்ந்து வழிக்குள் நுழையாமல் விழுந்துவிடுகிறது. என் பக்கம் அளவைக் குறைத்துவிட்டு மறுபடி போன் செய்தேன்.

"உங்க பக்கமும் ஆயிரத்து நானூறு வைங்க சார். ஆகலன்னா பழையபடியே மாத்திக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். நர்ஸ் அக்கா பொத்தானை அழுத்தினார். மூன்று எண்ணுவதற்குள் படம் போய்விட்டது. சற்று நேரத்தில் திரையில் டாக்டர் வந்து, "இ.சி.ஜி. நல்லா இருக்கு. பேஷன்ட் எங்க?" என்று கேட்டார். அக்கா கேமராவை என் பக்கம் திருப்பினார்.

"இவங்கதான் சார். எங்க மலைப் பொண்ணு. மிஷின் வேலையும் இவங்கதான் செஞ்சாங்க."

ரௌட்டரில் டன்னலுக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு வரி உண்டு. பெரும்பாலும் அதை வெறுமையாக விட்டுவிடுவேன். அன்று இரண்டு முனையிலும் ஒரே குறிப்பு இருக்கட்டும் என்று இன்ஜினியருக்கு ஒரு பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

"இது எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"எங்க ஊரு சார்," என்றேன்.