ஜவ்வாது மலைக்கு ஒரு கார்

செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், வாடகைக் கார் கடை முன்னால் நிற்கிறோம். ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டப்போகிறவள் என் மனைவி மாலதி. சிறுவயதிலிருந்தே அவளுக்கு இடது காலில் பலமில்லை, கிளட்ச் மிதிக்க முடியாது. மலைப்பாதையில் இதுவரை ஓட்டியதும் இல்லை.

கடைக்காரர் பாபு புத்தம்புது வெள்ளைக் காரைக் காட்டுகிறார். அது கியர் வண்டி.

"ஆட்டோமேட்டிக் இல்லீங்களா?" என்கிறாள் மாலதி.

"ஒண்ணு கீதுங்க. பழசு."

வேப்பமரத்தடியில், கதவு நசுங்கி, சருகு மூடி நிற்கிறது அது. மாலதி ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்கிறாள்.

பாபு என்னிடம் திரும்புகிறார். "மலைல வளைவு ஜாஸ்தி சார். டிரைவர் அனுப்பட்டுங்களா?"

"ஓட்டப்போறது நான். என்னைக் கேளுங்க," என்கிறாள் மாலதி. "பிரேக் எப்படி?"

"போன வாரந்தான் புதுசா மாத்தனேங்க."

"அப்ப இதுவே போதும்."

சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. இருபுறமும் ஆட்டோக்கள். பின்னோக்கியே ஓட்டி, எதிலும் உரசாமல் சாலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

"டிரைவரே வேணாங்க மேடம்!" என்று பாபு கத்துகிறார்.

மலையில் முதல் கொண்டை ஊசி வளைவு. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறேன். மாலதி ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சீராக மேலே ஏற்றிவிடுகிறாள்.

"இன்னும் எத்தனை வளைவு இருக்கு?" என்று கேட்கிறாள், சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில்.