ஆறவைத்த கத்திரிக்காய்

கத்திரிக்காயைக் கரியடுப்பில் வைக்குமுன் முனிவேல் அதன் தோலில் அங்கங்கே குத்துவான். ஃபாக்டரியில் இரும்பின்மேல் கோடு கிழிக்கிற ஊசிதான் குத்துவதற்கும். குத்தாமல் விட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டே காம்பைப் பிடித்துத் திருப்புவான். எந்தப் பக்கம் கருகியது என்று மூக்கு சொல்லிவிடும். இமையைத் திறந்து வைத்திருக்கும் தெம்பு நைட் ஷிப்டுக்கென்று சேமிக்கப்பட்டிருந்தது.

மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் அது அவன் சாயங்கால வேலை. கம்பெனி ஒருமுறை மெஷின் பூட்ட அவனை மொராக்கோ அனுப்பியது. அங்கே மெஸ்ஸில் பழகியது இந்தப் பண்டம். சுட்ட கத்திரிக்காயைத் தோலுரித்து மசித்து, தக்காளி, பூண்டு, சீரகம், மிளகாய்த்தூளோடு தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிளறுவான். இறக்கிக் கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து, ஆறவைப்பான்.

பக்கத்து வீட்டுச் சாந்தம்மா வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"ஏம்ப்பா முனிவேலு, கடுகு இல்ல, கறிவேப்பில இல்ல. தாளிக்காம எறக்கறதுக்கு இதென்ன எழவு ஊடா?"

"அந்த ஊர்ல இப்பிடித்தான்க்கா."

"எவ கத்துக்குடுத்தா?"

"எவளா? அந்தாளு மீச என் கையகலம் இருக்கும்."

"ஆறுனதயா பொண்டாட்டிக்கு வெப்பே?"

"எதச் செஞ்சு வெச்சாலும் அவ வர்றதுக்குள்ள ஆறித்தான போவுது? இது ஒண்ணுதான் ஆறுனாத்தான்க்கா ருசி."

ராசாத்திக்கு வாட்ச் பாகம் கோர்க்கும் கம்பெனியில் செகண்ட் ஷிப்டு. இரவில் அவள் வரும்போது அவன் வேலைக்குப் போயிருப்பான். அடுப்பு மூட்டச் சோம்பி, ஆறிய குழம்பு தொண்டையில் இறங்காமல், பட்டினியாகவே படுத்துவிடுவாள். ஏற்கெனவே ஒருமுறை கம்பெனி லைனில் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்திருந்தாள். "இன்னொரு தடவ உழுந்தா வர வேணாம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் முனிவேல் மொராக்கோவை நினைத்துக்கொண்டான். கிண்ணத்தை மூடி, பக்கத்தில் இரண்டு பன் வைத்துவிட்டுப் போவான்.

காலையில் வரும்போது கிண்ணத்தில் பாதி அப்படியே இருக்கும். ஒரு பன்னும் இருக்கும். ராசாத்தி சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். கேன்டீன் இட்லி அவன் வயிற்றில் கனக்கும். மிச்சத்தைச் சாந்தம்மாவின் கோழிகளுக்குக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பான்.

மத்தியானம் அவள் கிளம்பும்போது, பாயிலிருந்தே கேட்பான்.

"தின்னியா?"

"தின்னேன், தின்னேன்."

அதற்குமேல் கேட்கமாட்டான். கேட்டால் அவன் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்வாள் என்பது அவன் கணக்கு. பூண்டைக் குறைத்துப் பார்த்தான். எலுமிச்சையைக் கூட்டினான். சந்தைக்குப் போய் விதையில்லாத பிஞ்சாகப் பொறுக்கி வந்தான். மறுநாளும் பாதி.

"நம்ம கைக்கு வரல. உடுக்கா" என்று ஒருநாள் சாந்தம்மாவிடம் சொல்லிவிட்டுக் கரியடுப்பைக் கட்டிலடியில் தள்ளினான். தூக்கம் போதாமல் கண்கள் சிவந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று ராசாத்தியும் கேட்கவில்லை. மனுஷனுக்கு முடியவில்லை போலும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரமே லைனில் விழுந்தாள். கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். முனிவேல் சோடா உடைத்துக் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு தெரிந்த சேதி ஒன்று உண்டு. வேலை போய் வீட்டோடு இருந்த ராசாத்தி, குழாயடியில் சாந்தம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னது:

"நல்லாத்தான்க்கா இருக்கும். முழுசும் திங்கலாம்னுதான் வரும். பாதியோட நிறுத்திக்குவேன். அவரும் ராவெல்லாம் நின்னுட்டு வருவாரில்ல, காத்தால வந்து அடுப்பு மூட்ட வேணாமேன்னு. அவரு ஒருநாளும் மிச்சம் வெச்சதில்லக்கா. நான் எந்திரிக்கறப்ப கிண்ணத்தக் கழுவியே கவுத்திருப்பாரு."